சோலார் பேனலுக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கூரைகளில் சோலார் பேனல் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். கோடை வந்தால் வாடிக்கையாளர்கள் தவறாமல் கேட்பது: "இவ்வளவு வெயில் அடிக்குதே, கரண்ட் ஏன் குறையுது?"

பேனலுக்குத் தீனி ஒளிதான். உள்ளே இருக்கும் சிலிக்கான் செல்லின் (ஒளியை மின்சாரமாக்கும் சிறு தகட்டின்) ஒரு பக்கத்தில் பாஸ்பரஸும் மறுபக்கத்தில் போரானும் துளியளவு கலந்திருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மின்புலம் உருவாகிறது. ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரான்களை அது ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. அந்த ஓட்டம்தான் மின்சாரம். டி.சி.யாக, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக வருவதை, வீட்டுக்கு வேண்டிய ஏ.சி.யாக, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரமாக, இன்வெர்ட்டர் என்ற கருவி மாற்றுகிறது. பேனலின் பின்னால் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது எடுத்தது. கடும் வெயிலில் செல் 60 டிகிரியைத் தொடும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் இறங்கும். அதனால்தான் பேனலைக் கூரையோடு ஒட்டிப் பொருத்தாதீர்கள், அடியில் காற்று போக இடம் விடுங்கள் என்று மன்றாடுகிறேன்.

சூட்டைவிட நிழல் மோசம். செல்கள் சீரிஸில், அதாவது சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக, இணைந்தவை. ஒன்று நிழலால் அடைபட்டால் அந்த வரிசையே படுத்துவிடும். அடைபட்ட பகுதியைச் சுற்றிப் போக பைபாஸ் டையோடு என்ற சிறு மாற்றுவழிப் பாகம் உண்டு, ஆனாலும் அந்தப் பகுதியின் உற்பத்தி போனது போனதுதான். காய்ந்து ஒட்டியிருந்த பறவை எச்சத்தை ஒருமுறை துடைத்துப் பார்த்தேன். அதற்கு அடியில் இருந்த செல் மட்டும் சூடேறிப் பழுப்பாகியிருந்தது. பொருத்தும் முன் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

குறை சொல்வதால் நான் எதிரி அல்ல. புகை இல்லை, சத்தம் இல்லை, தேய்கிற பாகம் இல்லை. நல்ல பேனல் 25 ஆண்டு உழைக்கும். இன்வெர்ட்டரை மட்டும் நடுவில் மாற்ற வேண்டிவரும்.

விற்பவர்கள் பலர் மறைக்கும் விஷயம் ஒன்று உண்டு. பேட்டரி இல்லாமல் பொது மின்கம்பியோடு இணைத்த அமைப்பு, மின்தடை வந்ததும் பகலிலும் தானே நின்றுவிடும். கம்பியில் வேலை பார்ப்பவர் மீது மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, பழுது அல்ல. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சோலார் மின்பணியாளர்