மான்செஸ்டருக்கு வருகிற மில்காரனுக்கு

மாப்ளே,

பாப்பாவின் பட்டமளிப்புக்கு ஜூலையில் நீயும் தங்கச்சியும் வருகிறீர்கள் என்று படித்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முட்டிவலியோடு நடக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். ஊரின் நடுப்பகுதி சமதரைதான், அங்கங்கே பெஞ்சும் உண்டு. குடையைவிட தலையை மூடும் மழைக்கோட்டு நல்லது. காற்றில் குடை திரும்பிக்கொள்ளும். மழை, மழை என்று இந்த ஊருக்குப் பெரிய பேர். அளந்து பார்த்தால் வருஷத்துக்குச் சென்னையில் பெய்வதுதான் அதிகம். அங்கே நாலு நாளில் கொட்டித் தீர்ப்பதை இங்கே வருஷம் முழுக்கத் தூறியே கழிக்கிறார்கள். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கோயம்புத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படியோ, இவர்களுக்கு இந்தத் தூறல்.

'தென்னிந்தியாவின் மான்செஸ்டர் எது' என்ற கேள்விக்கு ஒரு மார்க் வாங்கியவர்கள் நாம். அசல் மான்செஸ்டரில் மில் சத்தம் கேட்கலாம் என்று வந்தால் ஏமாந்துபோவாய். ஆன்கோட்ஸ் பக்கம் போனால் கால்வாய் ஓரமாகச் செங்கல் மில்கள் வரிசையாக நிற்கும். அதில் மர்ரே மில் 1798-இல் நீராவியில் ஓட ஆரம்பித்தது. இப்போது அவற்றில் பல அடுக்குமாடி வீடுகள். நூல் நூற்கிற ரிங் பிரேம் நிற்க வேண்டிய இடத்தில் சோபா கிடக்கிறது. கீழே காபிக் கடை. நம்மூரில் மில் இடத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்றபோது நீ புலம்பினாயே, இங்கே கட்டடத்தையாவது இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

நீ கட்டாயம் பார்க்க வேண்டியது ராயல் எக்ஸ்சேஞ்ச். ஒரு காலத்தில் உலகத்துப் பஞ்சு வியாபாரமே அந்த ஒரு ஹாலில் நடந்தது. 1968-இல் வியாபாரம் நின்றுபோனது. உள்ளே போய் அண்ணாந்து பார், கடைசி நாள் விலைகள் விலைப் பலகையில் இன்னும் அப்படியே இருக்கின்றன. யாரும் கழற்றவில்லை. ஹாலின் நடுவில் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு நாடக அரங்கை இறக்கி வைத்திருக்கிறார்கள். 1976-இலிருந்து நாடகம் நடக்கிறது. என்னைக் கேட்டால், இந்த ஊரில் ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருப்பவன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது லிங்கன் சிலை. அமெரிக்க ஜனாதிபதிக்கு இங்கே என்ன வேலை என்று நானும் வந்த புதிதில் யோசித்தேன். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் தென் மாநிலத் துறைமுகங்களை லிங்கன் அடைத்தார். அடிமைகள் பறித்த பஞ்சு இங்கே வந்து சேரவில்லை. மில்கள் மூடின, இந்த வட்டாரமான லங்காஷயர் முழுக்கப் பட்டினி. அந்த நிலையிலும் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு, அடிமை முறையை ஒழிக்கிற உங்கள் பக்கம்தான் நாங்கள் என்று லிங்கனுக்கு எழுதினார்கள். மறு மாதம் 19-ஆம் தேதியிட்டு அவர் எழுதிய பதிலின் வரிகளைத்தான் பீடத்தில் செதுக்கியிருக்கிறார்கள். லங்காஷயர் மொத்தமும் ஒரே குரலில் பேசியது என்று நினைத்துவிடாதே. தென் மாநிலங்களுக்குப் பரிந்து பேசிய ஊர்களும் இருந்தன. வயிறு காய்ந்தவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சமயத்தில் அமெரிக்கப் பஞ்சுக்குப் பதிலாக வந்தது நம் நாட்டு சூரத் பஞ்சு. இழை குட்டை, அழுக்கு வேறு. நூல் அறுந்து அறுந்து கூலி குறைந்ததில் 'சூரத்' என்றாலே இங்கே வசவாகிவிட்டது.

அந்தக் கூட்டம் நடந்த ஃப்ரீ டிரேட் ஹால் இப்போது ஹோட்டல். அது நிற்கிற மண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 1819 ஆகஸ்ட் 16, ஓட்டுரிமை கேட்டு ஏறத்தாழ 60,000 பேர் அந்தத் திடலில் கூடினார்கள். குதிரைப்படை வாளோடு உள்ளே புகுந்தது. 15 பேருக்கு மேல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோருக்குக் காயம். பீட்டர்லூ என்பார்கள். அதற்கு ஒழுங்கான நினைவுச்சின்னம் வைக்க 2019 வரை ஆகியிருக்கிறது! காந்தி சிலையும் அதே வருஷம்தான் வந்தது, கதீட்ரலுக்கு வெளியே. 1931-இல் அவர் லங்காஷயருக்கு வந்து, அந்நியத் துணி மறியலால் வேலை போனவர்களையே நேரில் பார்த்துப் பேசினார். டார்வென் ஊரில் மில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்கிற படத்தை நீ எங்கேயாவது பார்த்திருப்பாய்.

எந்திரம் ஓடிப் பார்க்க வேண்டுமானால் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே குவாரி பேங்க் மில் இருக்கிறது, 1784-இல் கட்டியது. பெரிய நீர்ச்சக்கரம் உண்டு. தறிகளை ஓட்டியும் காட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் லங்காஷயர் தறிக்காரப் பெண்கள் உதட்டசைவிலேயே ஊர்வம்பெல்லாம் பேசுவார்களாம். உங்கள் மில்லில் மட்டும் என்ன வாழ்ந்தது! பக்கத்திலேயே அநாதைக் குழந்தைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய வீடும் இருக்கிறது. தங்கச்சி அதைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள், முதலிலேயே சொல்லி வை.

பஞ்சுப் பணத்தில் வந்ததில் என் மனசுக்குப் பிடித்தது டீன்ஸ்கேட்டில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகம். பஞ்சு வியாபாரியான ஜான் ரைலண்ட்ஸ் நினைவாக அவர் மனைவி கட்டி 1900-இல் திறந்தார். வெளியே சர்ச் மாதிரி இருக்கும். யோவான் சுவிசேஷத்தின் மிகப் பழைய பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு ஒன்று அங்கே இருக்கிறது, உள்ளங்கைக்குள் அடங்கும். அனுமதி இலவசம்.

ஓல்ட் டிராஃபோர்டு என்று டாக்ஸிக்காரரிடம் சொன்னால் கால்பந்து மைதானத்தில் இறக்கிவிடுவார். நமக்கு வேண்டியது கிரிக்கெட் மைதானம், கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. டெண்டுல்கர் 1990-இல் முதல் டெஸ்ட் சதம் அடித்த இடம். 2019 அரையிறுதியில் தோனி ரன் அவுட் ஆனதும் அங்கேதான். நீ மூன்று நாள் யாரோடும் பேசவில்லை என்று தங்கச்சி போனில் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பஸ் எல்லாம் மஞ்சள், மேலே தேனீப் படம். உழைக்கிற தேனீ இந்த ஊரின் சின்னம், 1842-இலிருந்து. 1986-இல் பஸ்ஸைத் தனியாரிடம் விட்டுவிட்டு, 2025-இல்தான் முழுதாகத் தங்கள் கட்டுப்பாட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அரசு பஸ்ஸிலேயே வளர்ந்த நமக்கு இது சிரிப்பாக இருக்கும். காசு எடுத்துக் கொடுக்கத் தேவையில்லை, கார்டைக் காட்டினால் போதும்.

பாப்பாவின் அறை சின்னது. எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், ஹோட்டல் பேச்சே எடுக்காதே. நெய், பால்கோவா எதுவும் வேண்டாம், பால் சேர்ந்ததைக் கொண்டுவர இங்கே அனுமதி இல்லை. கொள்ளு இரண்டு கிலோ, முடிந்தால் அரைத்த சாம்பார்ப் பொடி. விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதை மட்டும் சீக்கிரம் எழுது, லீவு சொல்ல வேண்டும்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்