வளைகாப்புக்கு முன்னாடி நர்சம்மாவைப் போய் பாருங்க

ஆசிரியர் அய்யா அவங்களுக்கு வணக்கம்.

நான் தேனி மாவட்டம் கூடலூர்ல இருந்து எழுதுறேன். 22 வருசமா மலைக்குப் போறவ, அதாவது குமுளிக்கு அந்தப் பக்கம் கேரளாவுல ஏலக்காய்த் தோட்டத்துல காய் எடுக்கிற வேலை, காலைல ஜீப் ஏறினா பொழுது சாய்ஞ்சு தான் வீடு. எனக்கு பெருசா எழுத வராது, போன்ல மக சொல்லிக் குடுத்த மாதிரி டைப் பண்றேன், பிழை இருந்தா திருத்திப் போடுங்க.

போன ஞாயித்துக்கிழமை பேப்பருக்குள்ள மடிச்சு வந்த ஒரு கடை நோட்டீஸ என் சின்ன மக எடுத்து வச்சுக்கிட்டா. அவ இப்ப அஞ்சு மாசம். மரத் தொட்டில், தள்ளுவண்டி, வாக்கர், பாட்டில் கொதிக்க வைக்கிற மிஷின், டயப்பர் பெட்டின்னு ஒவ்வொண்ணா பேனாவால வட்டம் போட்டு ஓரத்துல கூட்டிப் பாத்திருக்கா, 38,600 ரூபா வருது. அந்தத் தாள அப்படியே என்கிட்ட நீட்டி "இம்புட்டும் வேணுமாம்மா"ன்னு கேட்டா பாருங்க, அந்த மூஞ்சிய பாக்க எனக்கு முடியல. மாப்ள பெயிண்டிங் வேலை, மழை பேஞ்சா வேலை இல்ல. அவன் எங்க போவான் அந்தக் காசுக்கு.

ஒண்ணுமே வேணாம் தாயின்னு சொல்லிட்டேன். சும்மா சொல்லல, மூத்தவ பிரசவத்துல நாங்க பட்ட பாட்ட வச்சுத் தான் சொன்னேன். அதத் தான் உங்க பேப்பர் வழியா எங்க எல்லைப் பக்கத்து ஜனங்களுக்கும் சொல்லணும்னு நெனைக்கிறேன்.

மூத்தவள கேரளாவுல வண்டிப்பெரியாறுல தேயிலைத் தோட்டத்து லயத்துல (தொழிலாளிக வரிசை வீடு) குடுத்திருக்கு. மாமியா வீடும் நம்ம தமிழாளுக தான். முழுகாம இருக்கான்னு தெரிஞ்சும் மூணு மாசம் வெளிய சொல்லல, கண்ணு பட்டுரும்னு. நாங்களும் அது தான் நல்லதுன்னு இருந்துட்டோம். நாலாம் மாசம் அங்க இருக்கற ஆஷா சேச்சி, அதாவது ஊர் சுகாதார வேலை பாக்கற அக்கா, வீடு தேடி வந்து பேர் எழுதி தாய் சேய் அட்டைன்னு ஒரு கார்டு குடுத்துட்டுப் போச்சு. அந்தக் கார்டோட மதிப்பு அப்ப எங்களுக்குத் தெரியாது. ஏழாம் மாசம் வளைகாப்புக்கு இங்க கூட்டிட்டு வந்தப்ப கார்டு அங்க பீரோவுலயே கெடந்துச்சு.

வளைகாப்பு தடபுடலா பண்ணினோம். சின்ன மண்டபம் பிடிச்சு, ஏழு வகை சோறு, வர்றவங்களுக்கு ஜாக்கெட் துணி வச்ச தாம்பூலப் பை, போட்டோ, வீடியோ எல்லாம் சேத்து 62,000. கையில 22,000 தான் இருந்துச்சு, மிச்சம் 40,000 குழுவுல கடன். ரெண்டு வருசம் வாராவாரம் கட்டினேன். அந்த ரெண்டு வருசத்துல காய்ச்சல் அடிச்சாலும் ஜீப் ஏறாம இருந்ததில்ல.

வளைகாப்பு முடிஞ்ச மூணாம் நாள் மக எந்திரிக்க முடியாம தலை சுத்துதுன்னா. ஒரு லேப்புக்கு கூட்டிட்டுப் போனோம். ரத்தம் எடுக்கற சின்னப் பொண்ணு கைய நீட்டச் சொல்லுது, ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், கழட்டக் கூடாதுன்னு நான் சொல்றேன், அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணா மேல தள்ளித் தள்ளி நரம்பத் தேடுது, அது கெடைக்கவே மாட்டேங்குது, ரெண்டு வளையல் அங்கயே ஒடஞ்சு கீழ விழுந்துச்சு. ரிசல்ட்ல ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.4ன்னு வந்துச்சு. மாசமா இருக்கற பொம்பளைக்கு 11க்கு கொறையக் கூடாதாம். கை நெறைய வளையல் போட்டு ஊரக் கூட்டி சோறு போட்ட எனக்கு, எம் புள்ள ஒடம்புல ரத்தம் இல்லைங்கறது தெரியல. அன்னைக்கு அந்த லேப் பெஞ்சில உக்காந்து அழுதேன்.

கார்டு இல்லாம கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனா திட்டுவாங்க, திருப்பி அனுப்பிருவாங்கன்னு யாரோ சொன்னத நம்பி ஒரு பிரைவேட்டுக்குப் போனோம். ரத்தம் ஏத்தற ஊசி, ஸ்கேன், பிரசவம் எல்லாம் சேத்து 55,000 தாண்டிருச்சு. பின்னாடி தான் தெரிஞ்சுது, ஜனனி சிசு சுரக்ஷான்னு 2011ல இருந்தே ஒரு திட்டம் இருக்கு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பிரசவம் பாக்கற எந்தப் பொண்ணுக்கும் பிரசவம், ஆபரேஷன், மருந்து, டெஸ்ட், ரத்தம், அங்க இருக்கற வரைக்கும் சாப்பாடு, வீட்டுல கொண்டாந்து விடுற வண்டி எல்லாமே இலவசம். பச்சப் புள்ளைக்கும் அப்படித் தான். இது சலுகை இல்ல, உரிமைன்னு எங்க நர்சம்மா சொல்லுது.

அந்தப் பிரைவேட்ல ரெண்டாம் நாளே பால் பத்தலைன்னு சொல்லி பால் பவுடர் டின் வாங்க வச்சாங்க. முதல் ரெண்டு மூணு நாள் சீம்பால் கொஞ்சமாத் தான் வரும், அந்தக் கொஞ்சமே பச்சப் புள்ளைக்குப் போதும்னு எங்களுக்கு எடுத்துச் சொல்ல அங்க யாரும் இல்ல. ஒரு டின்னுல ஆரம்பிச்சது ஆறு மாசம் போச்சு, புட்டிப்பால் பழகினதும் புள்ள மார்ல வாய் வைக்கல. பால் பவுடருக்கு விளம்பரம் பண்ணக் கூடாது, தாய்மாருக்கு இலவச டின் குடுக்கக் கூடாதுன்னு 1992லயே இந்த நாட்டுல சட்டம் போட்டிருக்காங்க அய்யா. ஏன் போட்டாங்கன்னு என் மளிகைக் கடை பாக்கிய பாத்தா தெரியும்.

இதெல்லாம் போக, தமிழ்நாட்டு மகப்பேறு உதவிப் பணமும் கெடைக்கல, கேரளாவுல வந்திருக்க வேண்டிய மாத்ரு வந்தனாங்கற மத்திய அரசு பேறுகாலப் பணம் 5,000மும் கெடைக்கல. அங்க போனா இங்க தானே பிரசவம்னு கேக்கறாங்க, இங்க வந்தா பதிவு அங்க தானேன்னு கேக்கறாங்க. பிறப்புச் சான்றிதழுக்கு பிக்மி நம்பர் (தமிழ்நாட்டுல கர்ப்பத்தப் பதிஞ்சா குடுக்கற நம்பர்) கேட்டு மூணு தடவை அலைஞ்சோம், ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போச்சு. குமுளி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் பொறந்தவ அந்தப் பக்கம் வாழப் போறதும் பேறுகாலத்துக்கு திரும்ப வர்றதும் இங்க காலங்காலமா நடக்கறது தான, கூடலூர் கம்பத்துல எந்தத் தெருவுலயும் இப்படி நாலு வீடு இருக்கும்.

அதனால சின்னவ விசயத்துல நாள் தள்ளிப் போன ஏழாவது வாரமே நர்சம்மாகிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன், கண்ணு பட்டாப் படட்டும்னு. 12 வாரத்துக்குள்ள பதியணும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2018ல இருந்து 18,000, அதுல 14,000 பேங்க்ல தவணையா விழும், மீதிக்கு ரெண்டு சத்துப் பெட்டகம், ஒவ்வொண்ணும் 2,000 பெறும். முதல் பெட்டகம் வந்துருச்சு. ஆவின் நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், சத்துமாவு எல்லாம் இருக்கு. நெய்ய எடுத்து விருந்தாளிக்கு ஊத்தாதீங்க, டானிக் வாந்தி வருதுன்னு ஓரமா வைக்காதீங்க, அது வயித்துல புள்ளையோட இருக்கறவளுக்குன்னு குடுத்தது. (எங்க தெருவுல ஒரு வீட்டுல அந்தப் பேரீச்சம்பழத்த மாமியா பேரப்புள்ளைகளுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டாங்க, எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் போகல.) இந்த உதவிக்கு வயசு 19 முடிஞ்சிருக்கணும், ரெண்டு பிரசவத்துக்குத் தான் உண்டு. மாசாமாசம் 9ம் தேதி டாக்டரே கர்ப்பிணிகளப் பாக்கற முகாம் இருக்கு, அதுக்கும் தவறாம போயிட்டிருக்கா. ரத்தம் இப்ப 10.8, அடுத்த மாசம் 11 தாண்டிரும்.

வண்டிப்பெரியாறு, குமுளி, ஏலப்பாறைப் பக்கம் வாக்கப்பட்டுப் போன புள்ளைகளுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அங்க ஆஷாகிட்டயும் அங்கன்வாடிலயும் முதல்லயே பேர் குடுத்துருங்க, முதல் குழந்தைக்கு மாத்ரு வந்தனா 5,000, ரெண்டாவது பொம்பளப் புள்ளையாப் பொறந்தா 6,000. இங்க பேறுகாலத்துக்கு வர்றப்ப அந்தத் தாய் சேய் அட்டை, ஆதார், பேங்க் புக்கு மூணையும் துணிப்பைக்குள்ள மொதல்ல வச்சுட்டு அப்புறம் சேலைய வைங்க. வந்த அடுத்த நாளே இங்க இருக்கற நர்சம்மாகிட்ட காட்டி எழுதிக்கோங்க, வலி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

வாங்கற சாமான் விசயத்துக்கு வர்றேன். நானும் அவ அத்தையும் சேந்து பழைய பருத்திச் சேலை நாலு, என் வீட்டுக்காரரோட நைஞ்ச வேட்டி மூணு எடுத்து வச்சிருக்கோம். வேட்டி நைஞ்சா தான் புள்ள தோலுக்கு மெத்துனு இருக்கும், கடைல வாங்கற புதுத் துணி வெறைப்பா இருக்கும். சதுரமா கிழிச்சு ஓரம் அடிச்சு 40 துணி ஆச்சு. நல்லா கொதிக்க வச்சு வெயில்ல காயப் போட்டு ஒரு பழைய தலகாணி உறைல கட்டி வச்சிருக்கேன். சேலைல தூளி. டயப்பர் சுத்தமா வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆடி மாசம் சாரல் பிடிச்சா துணி காயவே காயாது, ராத்திரிக்கு ஒண்ணு, பயணத்துக்கு ஒண்ணு வாங்கிக்கலாம். கூடைய கவுத்து சாம்பிராணிப் புகைல துணி காய வைக்கறது எங்க ஆத்தா காலத்துப் பழக்கம், பச்சப் புள்ள நெஞ்சுக்கு புகை ஆகாதுன்னு நர்சம்மா சொன்னதுல அத விட்டுட்டேன். வாக்கர் வேணவே வேணாம், கனடா தேசத்துல 2004லயே விக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்களாம், புள்ள உருண்டு விழுந்து அடிபடுதுன்னு. தடுப்பூசிக்கும் காசு எடுத்து வைக்க வேண்டியதில்ல, புதன்கிழமை புதன்கிழமை இலவசமாத் தான் போடுறாங்க.

காசு சேக்கறதுக்கு எங்க ஜீப்புல நாங்க பண்ற ஒரு காரியத்தச் சொல்றேன். எங்க ஜீப்புல 12 பேர் மாசம் 1,000 போட்டு சீட்டு நடத்துறோம், 12,000 வரும். ஏலம் கெடையாது, தள்ளு கெடையாது. யாராவது மாசமா இருந்தா அவளுக்கு தேதி குறிச்ச மாசம் தான் அவ சீட்டு. புள்ள பெத்து திரும்ப மலைக்கு வர்ற வரைக்கும் அவ தவணைய மத்தவங்க பாத்துக்குவோம், வந்தப்புறம் கொஞ்சங்கொஞ்சமா கட்டிருவா. இதுவரைக்கும் நாலு பேர் வாங்கியிருக்காளுக, ஒருத்தி கூட ஏமாத்தினதில்ல. அந்த நாலு பேரும் வட்டிக்கு கை நீட்டல. அப்புறம், மாசமா இருக்கறவள முன் சீட்டுல உக்கார வைக்கறதும் எங்க ஜீப்புல சட்டம்.

இன்னொண்ணு ரொம்ப பேருக்குத் தெரியாது. பேறுகாலச் சட்டம் தோட்டத்துக்கும் உண்டு, கேரளாவா இருந்தாலும் தமிழ்நாடா இருந்தாலும் ஒண்ணு தான். பிரசவ தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தா சம்பளத்தோட லீவு, முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம். ஆனா எங்க வேலை நாள் கங்காணி நோட்டுல மட்டும் தான் இருக்கு, கேட்டா நீ இந்தத் தோட்டத்து ஆளே இல்லைன்னுருவாங்க. அதனால நாங்க இப்ப ஆளுக்கு ஒரு காலண்டர்ல போன நாள், தோட்டத்துப் பேர், வாங்கின கூலி எல்லாம் குறிச்சுட்டு வர்றோம். அத வச்சு கேட்டா கெடைக்குமான்னு இன்னும் யாரும் கேட்டுப் பாக்கல, கேக்கணும்.

கடைசியா அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை. நர்சம்மா ஊருக்குள்ள வர்றது பகல்ல, நாங்க வீட்டுல இருக்கறது ராத்திரில. பதிய ஒருநாள் லீவு போட்டா ஒருநாள் கூலி போகும், அதனால தான் நெறைய புள்ளைக 12 வாரத்தத் தாண்டிருதுக, ஏமாளியா இருக்கறதுனால இல்ல. வாரத்துல ஒருநாள், சனிக்கிழமை கூலி வாங்கிட்டு ஜீப் எறங்கற நேரம், சாயந்தரம் 6 மணில இருந்து 7 மணி வரைக்கும் கூடலூர், கம்பம் ஜீப் நிக்கற எடத்துல ஒரு மேசை போட்டு ஒரு நர்சம்மா உக்காந்தா போதும். பேர் எழுதி, ரத்தம் பாத்து, மாத்திர குடுத்து அனுப்பலாம். அதே மேசைல கேரளாவுல இருந்து பேறுகாலத்துக்கு வந்திருக்கற புள்ளைகளுக்கு என்ன என்ன காகிதம் வேணும்னு ஒரு போர்டு எழுதி வைங்க, தமிழ்லயும் மலையாளத்துலயும். நீங்களும் உங்க பேப்பர்ல அந்த விவரத்த ஒரு மூலைல மாசம் ஒருதடவை போட்டீங்கன்னா நாங்க வெட்டி ஜீப் கண்ணாடில ஒட்டிக்குவோம்.

சின்னவளுக்கு வளைகாப்பு வீட்டுலயே தான் வைக்கிறோம், தெருக்காரங்க, ஜீப்புக்காரங்க, மாமன் வீடு அவ்வளவு தான். ஏழு வகை சோறு நாங்களே ஆக்கிருவோம். வளையல் கைக்கு ஒரு டஜன் போதும்னு சொல்லியிருக்கேன், அதுக்கு மறுநாள் ரத்தம் பாக்கப் போகணும்.

இப்படிக்கு,
ஏலத் தோட்டத் தொழிலாளி ஒருத்தி,
கூடலூர், தேனி மாவட்டம்.
(பேர் போட வேணாங்கய்யா)