வரிசையில் கிடைத்த வைத்தியம்

ஐயா,

ஆறு வருடமாக எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும். நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல இருக்கும். ரத்தம் உறைந்து பக்கவாதம் வரக்கூடாதென்று அசிட்ரோம் மாத்திரை, மாதாமாதம் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை. அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். எனக்கு நின்றதே இல்லை.

காரணம் தெரிந்தது பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் வரிசையில்தான். பக்கத்தில் இருந்த அக்கா, இதய வால்வு மாற்றியவர், "கீரையை விட்டுடாதீங்க, வாராவாரம் ஒரே அளவா சாப்பிடுங்க" என்றார். நானோ ஒரு வாரம் முருங்கைக்கீரையாகத் தின்பேன், மறுவாரம் பயந்துபோய்த் தொடவே மாட்டேன். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தை மட்டுப்படுத்துமாம். டாக்டரிடம் கேட்டேன், சரிதான் என்றார். அப்புறம் எண் ஓரளவு அடங்கியது. நடுராத்திரியில் படபடத்து எழுந்து உட்கார்வது அந்த அக்காவுக்கும் உண்டு என்று கேட்டதில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

ஐஎன்ஆர் எடுக்கும் நாளில் நோயாளிகள் நாங்கள் இப்படி உட்கார்ந்து பேச மருத்துவமனைகள் ஓர் அறையும் பத்து நாற்காலியும் தரலாமே? தப்பான யோசனை பரவாமல் பார்த்துக்கொள்ள ஒரு செவிலியர் கூட இருந்தால் போதும். டீயை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

- ஒரு வாசகர், மதுரை