மினிபஸ்ஸில் ஏறிய ஏரி

ஆரம்பாக்கம்,
தை மாதம்

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மூட்டுவலி குறைந்து மறுபடியும் பட்டறைக்குப் போகிறாய் என்று படித்ததும் இங்கே இரண்டு பேருக்கும் சந்தோஷம். சின்னவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். மற்றபடி எல்லோரும் சௌக்கியம். இனி எழுதப்போவது முழுக்க வாசலில் நிற்கும் மினிபஸ்ஸைப் பற்றித்தான்.

பழைய பள்ளி வண்டி ஒன்று விலைக்கு வந்தது. நாலு பேர் சேர்ந்து வாங்கிவிட்டோம். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பழவேற்காடு ஏரியை ஒரு கண்காட்சியாக அதில் ஏற்றி ஊர் ஊராகப் பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டும். இங்கே தொடங்கி, ஆந்திர எல்லை தாண்டித் தடா, சூலூர்பேட்டை வரைக்கும். சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி நம் காலடியில் கிடக்கிறது. ஆனால் நெடுஞ்சாலைக்கு மேற்கே வளரும் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. பூநாரை அவர்களுக்குப் புத்தகத்தில் இருக்கும் படம், அவ்வளவுதான்.

2007இல் ஓட ஆரம்பித்த சயின்ஸ் எக்ஸ்பிரஸ் என்ற அறிவியல் கண்காட்சி ரயில் ஞாபகம் இருக்கிறதா? 2012இல் அதையே பல்லுயிர்க் கண்காட்சியாக மாற்றினார்கள். அது 16 பெட்டி. நமக்கு இருப்பது ஒரே பெட்டி. அதனால் எதை வைப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் பல ராத்திரி போயிற்று.

கார்த்திகையில் ஒரு கிராமத்துப் பள்ளியில் முதல் ஒத்திகை. கண்ணாடிப் பெட்டிக்குள் பறவை பொம்மைகள், கீழே விளக்கப் பலகைகள். வந்ததோ நாற்பது பிள்ளைகள், உள்ளே பத்துப் பேருக்குமேல் நிற்க முடியாது. முன்பக்கம் ஏறிப் பின்பக்கம் இறங்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. மற்றவர்கள் வெயிலில் காத்திருந்தார்கள். நான் "தொடாதே, தொடாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்றிரவு படுத்தபிறகும் அந்தச் சொல் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் ஏரியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தொடாதே என்றால் என்ன நியாயம்? மறுநாளே கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டேன்.

இப்போது பஸ் ஒரு அலமாரி மாதிரி. பக்கவாட்டுத் தகட்டை வெட்டி மேலே தூக்கும் கதவாக்கியிருக்கிறோம், திறந்தால் அதுவே நிழல். பெட்டிகளை இறக்கி மரத்தடியில் பாய் விரித்து வைத்துவிடுகிறோம். தண்ணீர் ஏற்றிப் போவதையும் நிறுத்தியாயிற்று. 200 லிட்டர் என்றால் 200 கிலோ. பிரேக் போட்டால் அத்தனையும் முன்னால் வந்து மோதுகிறது. காலித் தொட்டியைக் கொண்டுபோய், போன இடத்தில் குடத்தால் நிரப்புகிறோம். நிரப்புவது பிள்ளைகள். அதிலேயே பாதிக் கூச்சம் போய்விடுகிறது.

விளக்கப் பலகைகளை எடுத்துவிட்டேன். நான் நண்டு என்கிறேன், பக்கத்து பெஞ்சுப் பிள்ளை தெலுங்கில் பீத என்கிறது. இறாலைக் காட்டினால் ரொய்யா என்கிறது. எந்த மொழியில் எழுதினாலும் பாதிப் பேருக்கு அந்நியம். அதனால் படத்தை மட்டும் வைத்துக் கரும்பலகையைக் கொடுத்துவிடுகிறோம், பெயரை அவர்களே எழுதுகிறார்கள். ஒரு சிறுமி மரத்தில் செய்த நண்டைத் திருப்பிப் போட்டு, "இதுல ஆணா பெண்ணான்னு தெரியலையே சார்" என்றாள். அடிவயிற்று மடல் ஒடுக்கமாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். தச்சர் அதைச் செதுக்காமல் விட்டிருந்தார். இப்போது இரண்டு நண்டு செய்திருக்கிறோம்.

உண்மையான பறவை முட்டையும் கூடும் வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டைதான். எங்கள் பெட்டியில் இருப்பவை குயவர் செய்த களிமண் முட்டைகள். நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தில் கூடு கட்டும் கூழைக்கடாவுக்கு என்று பெரிதாக ஒன்று.

சரி, உன்னிடம் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். பூநாரையின் அலகு.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்துத்தான் சாப்பிடும். நாக்கு முன்னும் பின்னும் போய்ப் பம்பு மாதிரி நீரை இழுத்துத் தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற தகடுகள் வரிசையாக இருக்கின்றன; அதில் இரை நிற்கும், நீர் வெளியே போகும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, பிள்ளைகள் கையால் செய்து பார்க்க வேண்டும். மரத்தில் இரண்டு பாதி அலகு, உள்ளே சீப்பை வெட்டி ஒட்டினேன், நாக்குக்குப் பதில் பெரிய ஊசிக்குழாய். தொட்டியில் சேற்று நீரும் ஊறவைத்த கேழ்வரகும். இழுத்துத் தள்ளினால் கேழ்வரகு அலகில் நிற்க வேண்டும். முதல் முறை மணல் அடைத்துக்கொண்டது, அடுத்த முறை சீப்புப் பல் உடைந்தது. மூன்றாம் முறை வேலை செய்தது, ஆனால் ஏழெட்டுக் கேழ்வரகு மணிக்குமேல் சேரவில்லை.

அப்போது மீனவர் குப்பத்துப் பையன் ஒருவன், ஐந்தாவது படிக்கிறான், பின்னாலிருந்து சொன்னான்: "சார், முதல்ல மிதிக்கணும். மிதிச்சுக் கலக்கினாதான் அதுக்குத் தீனி மேல வரும். எங்க நைனாகூட படகுல போறப்ப பார்த்திருக்கேன்." சொன்னதோடு நிற்கவில்லை. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குழாயடிச் சேற்றில் இறங்கினான். தலையைக் குனிந்து, ஒரே இடத்தில் சின்னச் சின்னதாக மிதித்துக்கொண்டே வட்டமாகச் சுற்றினான். அச்சு அசல் பூநாரை! படிப்பில் மந்தம் என்று அவனைப் பற்றி என்னிடம் சொல்லியிருந்தார்கள். கலக்கிவிட்டு அலகை வைத்தோம், ஒரே இழுப்பில் சீப்பு நிறையக் கேழ்வரகு. அந்த ஒரு நிமிஷம் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதனால் தொட்டியையே மாற்றுகிறேன். உன்னால்தான் இது ஆகும். தையல் மெஷினில் இருப்பதுபோல ஒரு கால்மிதி வேண்டும். மிதித்தால் தொட்டிக்குள் அடிப்பக்கத்தில் இரண்டு மரப்பாதம் மாறி மாறிச் சேற்றைக் கலக்க வேண்டும். தொட்டி அகலம் இரண்டு அடி, ஆழம் அரை அடி. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கால் எட்ட வேண்டும். இரும்பு வேண்டாம், உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. அலகின் பற்களுக்கு மூங்கில் சரிவருமா என்று நீயே பார்த்துச் சொல்.

லாரி பார்சலில் போட்டுவிடாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. மாசி முடிவதற்குள் வந்தால் பறவைகள் இருக்கும். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரிக்குள்ளேயே போகிறது, ஓரத்தில் நின்றாலே தெரியும். பையனையும் கூட்டிக்கொண்டு போகலாம். பாதம் எப்படி மிதிக்க வேண்டும் என்று அவன் உனக்குக் காட்டுவான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்