உரைக்கு முன்னால் பத்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலை வகுப்புகளில் இலக்கியம் கற்பிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்களுக்குப் பாடல்களில் ஈடுபாடு இல்லை, சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் திணறுகிறார்கள் என்று கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். அதற்கு மருந்தாகச் சுவரொட்டி தயாரித்தல், வேடமிட்டு நடித்தல், கவிதைப் போட்டி, கதைப் போட்டி என்று ஒரு பட்டியலும் தருகிறார். வருத்தம் நியாயமானது. மருந்தில்தான் எனக்குச் சந்தேகம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

அட்டை வெட்டி, வண்ணம் தீட்டி, சுவரில் ஒட்டுவதில் பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பாடலின் ஒரு வரியையாவது யாராவது இரண்டாம் முறை படித்தார்களா என்று பாருங்கள். படித்திருக்க மாட்டார்கள். எந்தப் பாடலுக்கும் பொருந்துகிற செயல்பாடு எந்தப் பாடலுக்கும் உதவாது. பாடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ அதிலிருந்தே பயிற்சி பிறக்க வேண்டும். இன்னொன்று, அந்தப் பயிற்சி ஆசிரியர் பொருள் சொல்லி முடிப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். உரையைக் கேட்டு முடித்த மாணவருக்கு அந்தப் பாடலில் செய்ய வேறு வேலை இல்லை.

குறுந்தொகையின் 25ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். கபிலர் பாடியது, ஐந்தே அடி. திருமணம் தள்ளிப்போகிறது, தலைவி தோழியிடம் கலங்கிப் பேசுகிறாள். இந்த விவரம் பாடலுக்குள் இல்லை, பாடலோடு அச்சாகும் கூற்றுக் குறிப்பில், அதாவது யார் யாரிடம் எப்போது சொன்னது என்ற குறிப்பில், இருக்கிறது. நாம் வழக்கமாக அந்தக் குறிப்பிலிருந்துதான் பாடத்தையே தொடங்குகிறோம். நான் அதை மறைத்துவிடுவேன். குருகு (நீர்ப்பறவை), ஆரல் (ஒரு மீன்), தினைத்தாள் (தினைப்பயிரின் தண்டு) என்று தெரியாத சொற்களுக்கு மட்டும் பலகையில் பொருள் எழுதிவிட்டு மூன்று கேள்விகள் கேட்பேன்: பேசுவது யார்? யாரிடம்? இதை ஏன் இப்போது சொல்கிறார்? ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து பேச வேண்டும். எந்தப் பதிலுக்கும் ஒரு சொல்லையாவது தொட்டுக்காட்ட வேண்டும். தாயிடம் சொல்கிறாள் என்பார் ஒருவர். தலைவனோடு மறைவில் கூடியதைத் தாயிடம் போய்ச் சொல்வாளா என்று இன்னொரு குழு சிரிக்கும். அகப்பாடல் என்பது ஒரு நாடகத்தின் ஒற்றைப் பேச்சு என்பதை அந்தச் சிரிப்பிலேயே பாதி நடத்தி முடித்துவிடலாம்.

அப்புறம்தான் எழுதும் வேலை. தலைவனோடு கூடிய அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு ஒன்றுதான் இருந்தது என்கிறாள் தலைவி. சரி, அந்தக் குருகைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள். அது பார்த்ததை அதன் வாயால் பத்து நிமிடத்தில் எழுத வேண்டும். ஒரே நிபந்தனை: அதன் கண் மீன் மேல் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. இந்த நிபந்தனைதான் எழுத்தை நகர்த்துகிறது. ‘நான் மீனைத்தான் பார்த்தேன், ஐயா. ஒரு குரல் வாக்குக் கொடுத்தது, தண்ணீர் கலங்கியது, மீன் போய்விட்டது’ என்று ஒரு மாணவர் எழுதினார். அவருக்கு அணி இலக்கணத்தில் ஒரு வரி கூடத் தெரியாது.

அதே வகுப்பில் ஒரு மாணவி, தினையின் தாள் போன்ற சிறிய பசிய கால் என்று பறவையின் காலை மட்டும் தலைவி ஏன் சொல்கிறாள் என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பின் வரிசையிலிருந்து வந்தது: ‘அவங்க அப்போ தலை குனிஞ்சிருந்திருப்பாங்க, டீச்சர். அதனால காலுதான் தெரிஞ்சிருக்கும்.’ நான் பார்த்த உரை எதிலும் இந்த விளக்கம் இல்லை. சரியா தவறா என்பது இருக்கட்டும், இப்படி ஒரு வாசிப்பு வர வேண்டுமானால் மாணவர் அந்த அடியில் சற்று நேரம் தங்க வேண்டும். நாம்தான் அவர்களைத் தங்க விடுவதில்லை. மையக்கருத்து, எதுகை நயம், மோனை நயம், பொருள் நயம் என்று எல்லாப் பாடலுக்கும் ஒரே சட்டகத்தில் நயம் பாராட்டப் பழக்கி, முதல் சொற்களை அடிக்கோடிட்டால் மதிப்பெண் என்று முடித்துவிடுகிறோம். நயத்தைக் காணாமலே பாராட்டுகிற வித்தை அது.

படைப்பெழுத்துக்கு வருகிறேன். ‘மழை’, ‘அம்மா’, ‘நட்பு’ என்று தலைப்பைக் கொடுத்து, ‘உங்கள் விருப்பம்போல எழுதுங்கள்’ என்று விட்டால் என்ன வரும் என்பது பேப்பர் திருத்துகிற எல்லோருக்கும் தெரியும். வாழ்த்து அட்டைகளில் படித்தவையே திரும்பி வரும். அது பிள்ளைகளின் குற்றமில்லை. எதைப் பற்றியும் எப்படியும் எழுதலாம் என்றால் கை முதலில் போவது பழகிய வரிக்குத்தான். கட்டுப்பாடு கொடுத்தால்தான் வேறு வழி தேடும்.

புறநானூற்றின் 112ஆம் பாடல் இதற்குக் கைகொடுக்கும். பாரி மகளிர் பாடியது, அதுவும் ஐந்தடி. போன மாதம் இந்த நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையது. இந்த மாதம் இந்த நிலவில் குன்றை வேந்தர்கள் கொண்டார்கள், தந்தையும் இல்லை. சொல்வது இவ்வளவுதான். ‘துயரம்’, ‘கண்ணீர்’ போன்ற ஒரு சொல் அதில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். தேடிவிட்டு இல்லை என்பார்கள். பிறகு அதே சட்டத்தைக் கொடுங்கள்: அன்று ஒரு காட்சி, இன்று அதே காட்சி. நிலவு போல ஒரு பொருள் இரண்டிலும் மாறாமல் நிற்க வேண்டும். இழந்ததை மட்டும் சொல்ல வேண்டும். உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. ஒரு பெண் எழுதிக் கொடுத்ததை அவள் அனுமதியோடு தருகிறேன்:

போன வருடம் இந்தப் படியில்
அக்கா செருப்பின் மேல் என் செருப்பு.
இந்த வருடம் இந்தப் படியில்
அக்கா செருப்பு
விருந்தாளிகள் செருப்போடு.

முதல் வரைவில் இதில் ‘பிரிவு என்னும் கொடுமை’ என்று ஆறாவதாக ஒரு வரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிதான் விதியைக் காட்டி அடிக்கச் சொன்னாள். நான் சொல்லியிருந்தால் அது திருத்தம். தோழி சொன்னதால் அது வாசகரின் குரல் ஆகிவிட்டது. இந்தப் பயிற்சி முடிந்த பிறகு பாரி மகளிர் பாடலுக்கு உரை சொல்ல எனக்கு மிகக் குறைந்த நேரமே தேவைப்பட்டது.

நம் மரபிலேயே இப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் குவிந்து கிடக்கின்றன. தேர்வுக்கு வரையறை மனப்பாடம் செய்வதோடு அவற்றை மூட்டை கட்டிவிட்டோம். அந்தாதியைப் பாருங்கள், ஒரு பாடல் முடிகிற இடத்தில் அடுத்த பாடல் தொடங்கும். காரைக்கால் அம்மையார் 101 வெண்பாக்களை அப்படித் தொடுத்தார். வகுப்பில் ஒரு தாள் போதும். முதல் மாணவர் ஒரு வரி எழுதி, கடைசிச் சொல் மட்டும் தெரியும்படி மடித்து அடுத்தவருக்குக் கொடுப்பார். அவர் அந்தச் சொல்லில் தொடங்க வேண்டும். கடைசி வரி முதல் வரியின் முதற்சொல்லில் முடிய வேண்டும் என்பதால் இறுதியில் இருக்கிறவர் பாடு திண்டாட்டம். அவருக்கு மட்டும் இரண்டு பேரைத் துணைக்குக் கொடுப்பது என் வழக்கம்.

நிரோட்டம் இன்னும் வேடிக்கை. உதடு ஒட்டாமல் பாடுவது. 341ஆம் குறளைச் சொல்லிப் பார்க்கச் செய்தால், உதடுகள் சேரவே இல்லை என்பதைத் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். முறையான நிரோட்டத்தில் இதழ் குவியும் எழுத்துகளும் விலக்கு. வகுப்புக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். ப, ம, வ மூன்றும் வராமல் நண்பனோடு போட்ட சண்டையைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னால் போதும். அம்மா, அப்பா, தம்பி, மாமா எல்லோரும் ஒரே நொடியில் காணாமல் போவார்கள். ‘கோபம்’ போய்விடும், ‘சினம்’ என்று தாவுவார்கள், அதிலும் ம் இருக்கிறதே என்று தலையில் கை வைப்பார்கள். அகராதியை யாரும் எடுக்கச் சொல்லாமலே எடுப்பதை நான் பார்ப்பது அப்போதுதான்.

நாடகமாக நடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சிலப்பதிகார வழக்குரை காதை என்றால் ஒருவர் சிலம்பை ஓங்கி உடைப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள், முடிந்தது. அதற்குப் பதிலாக வாயிலோனை நாற்காலியில் உட்கார வைத்து வகுப்பே கேள்வி கேட்கட்டும். ஒற்றைச் சிலம்போடு வந்தவளை அரண்மனையில் முதலில் பார்த்து, இவள் கொற்றவை அல்லள் என்று ஒவ்வொரு தெய்வமாக மறுத்துக்கொண்டே போய், கணவனை இழந்தவள் என்று அரசனிடம் சொல்கிறவன் அவன். ஏன் அப்படிச் சொன்னாய், பயந்தாயா, அவள் உன்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்டால், உட்கார்ந்திருப்பவர் பாட்டுக்குள் போய்த்தான் பதில் தேட வேண்டும். கதையின் முடிவை மாற்றி எழுதுதல் என்ற பழைய பயிற்சியைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. முக்கால்வாசிப் பேர் எல்லோரையும் சேர்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே போவது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். எல்லாப் பாடலுக்கும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பருவத்துக்கு இரண்டு, மூன்று பாடல்களுக்கு உரைக்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஐம்பது பேர் எழுதியதை ஆசிரியர் ஒருவரே படிக்க வேண்டும் என்பதும் இல்லை. குழுவுக்குள் வாசித்து, ஒவ்வொருவரும் ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். ‘அருமை’ என்று எழுதுவதற்குத் தடை. முதல் படியில் சிவப்பு மை வேண்டாம். சந்திப்பிழை அடுத்த படி வரை காத்திருக்கும், எங்கும் ஓடிவிடாது. மதிப்பெண்ணும் போட வேண்டாம். போட்டே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால், முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே என்ன மாறியது என்பதற்குப் போடுங்கள். ஆசிரியரும் அந்தப் பத்து நிமிடத்தில் உட்கார்ந்து எழுதினால் நல்லது. டீச்சருக்கும் வரவில்லை என்று தெரிந்தால் வகுப்பில் ஒரு தைரியம் பிறக்கும்.

கடைசியாக உங்களுக்கே ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் பக்கத்துக்கு மாதாமாதம் ஒரு தலைப்பு கொடுக்கிறீர்கள். ஒரு முறை தலைப்பில்லாமல் ஒரு சட்டத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள்: அன்று, இன்று, மாறாத ஒரு பொருள், ஐந்து வரி. வருகிறவற்றை மெருகேற்றாமல், அடித்தல் திருத்தலோடு முதல் படியையும் பக்கத்தில் சேர்த்து அச்சிடுங்கள். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் உட்கார்ந்து செதுக்கி அனுப்பியது என்று தெரிந்தால், தயங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்