மஞ்சள் இலைக்கெல்லாம் இரும்புதான் மருந்தா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்தொட்டிச் செடிகளின் இலை மஞ்சளித்தால் இரும்புச்சத்துக் கரைசலை ஊற்றுமாறு தங்கள் நாளிதழின் குறிப்பொன்று அறிவுறுத்தியிருந்தது. இதே அறிவுரையை நம்பி ஒன்றரை மாதம் இரும்பை ஊற்றிப் பயன் காணாதவன் என்ற முறையில் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

மஞ்சளித்தது எந்த இலை என்பதையே முதலில் பார்க்க வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் ஆகியவை போதாதபோது செடி அவற்றை முதிர்ந்த இலைகளிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடுவதால், அவற்றின் குறைபாடு அடியிலைகளில்தான் முதலில் தெரியும். இரும்பும் கால்சியமும் அவ்வாறு எளிதில் இடம்பெயர்வதில்லை. அவை குறைந்தால் அடிபடுவது கொழுந்து. நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டும் வெளுத்த தளிர் இரும்புக் குறைவையும், முறுக்கிக்கொண்டு உருக்குலைந்து விரியும் தளிர் கால்சியக் குறைவையும் சுட்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: பச்சை நரம்பும் மஞ்சள் இடைவெளியும் மக்னீசியக் குறைவிலும் தோன்றும், ஆனால் அடியிலையில். குண்டூசியால் குத்தியது போன்ற துளைகள் முதிர்ந்த இலைகளில் விழுந்தால் சாம்பல்சத்தையும், அடியிலை முழுதும் ஒரே சீராகப் பழுத்தால் தழைச்சத்தையும் ஐயுறலாம். என் தொட்டியில் நேர்ந்தது கடைசியாகச் சொன்னது. சோதித்தபோது, மீன் கழிவிலிருந்து உருவாகிச் செடிக்குத் தழைச்சத்தாகும் நைட்ரேட் நீரில் அறவே இல்லை. மீன் குறைவாகவும் செடி அடர்த்தியாகவும் இருந்த தொட்டியில் அதை நான் முன்பே ஊகித்திருக்க வேண்டும்.

உண்மையாகவே இரும்பு குறைந்திருந்தாலும், எந்தக் கரைசல் என்பதையும் கவனிக்க வேண்டும். இரும்பு நீரில் கரைந்தே இருக்க அதை ஈ.டி.டி.ஏ., டி.டி.பி.ஏ. போன்ற வேதிப்பொருள்களுடன் பிணைத்து விற்கிறார்கள். பி.எச். (அமில-காரத் தன்மை) அளவு 7-ஐத் தாண்டிய நீரில் ஈ.டி.டி.ஏ. பிணைப்பிலுள்ள இரும்பு நெடுநேரம் நிலைப்பதில்லை, டி.டி.பி.ஏ. பிணைப்பு ஏறக்குறைய 7.5 வரை தாங்கும்.

புதிதாக வாங்கி நட்ட செடி இலையுதிர்ப்பதைக் குறைபாடாக எண்ணிவிடவும் கூடாது. பண்ணைகளில் பெரும்பாலும் நீருக்கு மேலே வளர்க்கப்படும் செடிகள், மூழ்கியவுடன் பழைய இலைகளைக் கைவிட்டு நீருக்கேற்ற இலைகளை விடுகின்றன; கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடியின் இலைகள் சில நாள்களிலேயே கூழாகி, செடி, பிறகு வேரிலிருந்து துளிர்ப்பதுண்டு.

ஒரு நேரத்தில் ஒரு சத்தை மட்டும் கூட்டி, இரண்டு வாரங்களாவது பொறுத்து, அதன்பின் வந்த இலைகளைக் கொண்டே பலனை மதிப்பிட வேண்டும். துளை விழுந்த இலை மீண்டும் மூடிக்கொள்வதில்லை, அதைக் கத்தரித்துவிடுவதே நல்லது. அக்குறிப்பை மறுபடி வெளியிட நேர்ந்தால், கொழுந்தா அடியிலையா என்ற கேள்வியை இரும்புக் கரைசலுக்கு முன்னால் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்