டிபியாகவே இருக்கட்டும்

அன்புள்ள பாப்பா,

போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். ஸ்பீக்கரில் போடு என்கிறார். மாடிக்குப் போய்த் தனியாகப் பேசினால் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார். வாட்ஸ்அப்பில் நீளமாகத் தட்டினாலும் "யாருக்கு?" என்று எட்டிப் பார்ப்பார். அதனால்தான் மெயில். மத்தியானம் அவர் கண்ணயர்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தது. அங்கங்கே தொடர்பு விட்டிருந்தால் கண்டுகொள்ளாதே.

முதலில் அப்பா உடம்பைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில். காய்ச்சல் இன்னும் சாயங்காலமானால் எட்டிப் பார்க்கிறது, ஆனால் நடுக்கம் இல்லை. மூச்சு வாங்குவது நன்றாகக் குறைந்துவிட்டது. வலது நுரையீரலைச் சுற்றிக் கட்டியிருந்த நீரை ஊசி போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி இருந்தது. அதில் ஏ.டி.ஏ. என்கிற ஒரு நொதியின் அளவைப் பார்க்கிறார்கள். 40-க்கு மேல் போனால் நம் ஊரில் முதலில் டிபியைத்தான் சந்தேகப்படுவார்கள். அப்பாவுக்கு 70-ஐத் தாண்டியிருந்தது. அப்புறம் என்ன, மருந்தை ஆரம்பித்துவிடலாமே என்று கேட்டேன். டாக்டர் அவசரப்படவில்லை. நிணநீர்ப் புற்று மாதிரி வேறு சிலவற்றிலும் அந்த அளவு ஏறுமாம். அப்பாவுக்கு வயது 68, சிகரெட் பிடித்த உடம்பு, எடை வேறு இறங்கியிருக்கிறது. டிபி கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் பரிசோதனையில் கிருமி தெரியவில்லை. அந்த நீரில் கிருமிகள் மிகக் குறைவாகத்தான் இருக்கும் என்பதால், தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அதனால்தான் குழாய் விட்டுப் பார்த்து, நுரையீரல் உறையிலிருந்து துணுக்குகள் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"இந்தக் காலத்தில் ஒரு ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு நாளா?" என்று நீ அன்றைக்குக் கத்தினாய். லேபில் போன் எடுக்கிற பெண் "ரெடியானா மெசேஜ் வரும்மா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாதபோது எனக்கும் அப்படித்தான் வரும். ஆனால் அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. துணுக்கை ஃபார்மலினில் ஊறப்போட வேண்டும், அதிலிருக்கும் நீரை ஆல்கஹாலில் படிப்படியாக வெளியேற்ற வேண்டும், மெழுகில் கட்டியாக்கி, தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, அதற்குப் பிறகுதான் ஒருவர் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்க முடியும். சந்தேகம் வந்தால் வேறு சாயம் போட்டு இன்னொரு முறை. கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் இன்னும் மோசம். நம் குடலில் இருக்கிற ஈ.கோலை இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும் என்று பிளஸ் டூவில் உனக்கே நான் நடத்தியிருக்கிறேன். டிபி கிருமிக்கு ஒரு தடவை இரண்டாகவே பதினைந்து, இருபது மணி நேரம் பிடிக்கும். அதனால் கல்ச்சரை இல்லை என்று முடிக்க ஆறு வாரம் வரை காத்திருப்பார்கள். யாரையும் சத்தம் போட்டு அதை வேகமாக வளர வைக்க முடியாது. பயாப்ஸி இந்த வாரக் கடைசிக்குள் வந்துவிடும் என்கிறார்கள். நமக்கு அதுதான் முக்கியம்.

பாப்பா, இன்னொன்றை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். நான் தினமும் விளக்கேற்றும்போது, இது டிபியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உன் பாட்டி கேட்டிருந்தால் என் வாயிலேயே போட்டிருப்பார். அவர்கள் காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராது. இப்போது எனக்கு அது நல்ல செய்தி. ஆறு மாதம் மாத்திரை, முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள். நாள் தவறாமல் சாப்பிட்டால் குணமாகிற நோய். டிபி இருந்தால் திசுவில் பெரும்பாலும் தெரிகிற சின்ன அணுத்திரளுக்கு கிரானுலோமா என்று பெயர். பயாப்ஸியில் அந்த ஒரு சொல் இருந்தால் போதும் என்று நான் காத்துக்கொண்டிருக்கிறேன். வாழ்க்கையில் நான் இப்படி ஏங்கிய சொல் எதுவும் இல்லை.

அப்பாவின் மனதில் ஓடுவது வேறு. அவருடைய பெரியப்பாவைத் தாம்பரம் டிபி சானடோரியத்தில் வைத்திருந்தார்கள். டாக்டர் சௌரி முத்து 1928-இல் ஆரம்பித்த இடம் அது, ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர்தான். திரும்பி வந்த பிறகும் பெரியப்பாவின் தட்டும் டம்ளரும் பின்கட்டில் தனியாகக் கவிழ்த்திருக்குமாம், குழந்தைகளைக் கிட்டவே விடமாட்டார்களாம். போன வாரம் பாத்திரம் கழுவும்போது ஒரு டம்ளரின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. பூஜை அலமாரியில் இருந்த நூல். இரண்டு முடிச்சு, நுனியைக் கத்தரித்துவிட்டு ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்னதை இரண்டு பேரும்தான் கேட்டோம். டிபி காற்றில் பரவும், டம்ளரில் பரவாது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன?

நூலை அவிழ்த்துவிட்டு அவரிடம் சேத்துப்பட்டு கதையைச் சொன்னேன். 1956-இல் அங்கே டிபி மையம் ஆரம்பித்து, நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நல்ல சாப்பாடு இல்லாத, நெருக்கடியான குடிசைகளில் இருந்தவர்கள். ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. 1959-இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்க டிபிக்கு வீட்டில் இருந்தே வைத்தியம் என்று ஆனதற்கு நம் மெட்ராஸ் ஒரு பெரிய காரணம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்போ கவர்மெண்டுல சத்தான சாப்பாட்டுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் வேற குடுக்கறாங்களாமே, முட்டை வாங்கிக்கலாம்" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு ராத்திரியே பீரோவிலிருந்து ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பென்ஷன் புத்தகம் இங்கே, வீட்டுப் பத்திரம் இங்கே, சொத்து வரி ரசீது இந்த உறையில், மோட்டார் ஸ்விட்சில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது வரை எனக்குப் பாடம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் மோட்டார் போட்டது யார்?

இனி உன் விஷயம். தினமும் கூப்பிட்டவுடன் "ரிப்போர்ட் வந்துச்சாப்பா?" என்று கேட்காதே. வரவில்லை என்று உன்னிடம் சொல்லிவிட்டு அவர் போய் முகம் கழுவுகிறார், அன்றைக்கு இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறார். உன் பயம் எனக்குப் புரிகிறது. அதை என்னிடம் கொட்டு, இதே மெயிலில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும். ராத்திரி முழுக்க நெட்டில் தேடிப் படித்து அந்த லிங்க்குகளை அவருக்கு அனுப்புவதையும் விட்டுவிடு. அவர் எல்லாவற்றையும் படிக்கிறார்.

டிக்கெட்டை இப்போது போடாதே. டிபி என்றால் நீ பொங்கலுக்கு வருவதாக இருந்தபடியே வா, அதற்குள் அவர் உடம்பு தேறியிருக்கும். வேறு என்றால் அன்றைக்கே கிளம்பி வந்துவிடு. லீவு கிடைக்குமா, மாப்பிள்ளை என்ன சொல்வார் என்றெல்லாம் நான் கேட்கமாட்டேன். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் டாக்டரைப் பார்த்துவிட்டு உனக்குத்தான் முதலில் சொல்வேன். அங்கே நடுராத்திரியாக இருந்தாலும் எழுப்புவேன்.

அதுவரை ஒரு உதவி. நீங்கள் புது வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போடப் போவதாகச் சொன்னாயே, அதை அப்பாவுக்கு அனுப்பு. சார்பதிவாளர் அலுவலகத்தில் காலம் தள்ளிய மனுஷன். கனடா சட்டம் அவருக்குத் தெரியாதுதான், ஆனால் ஒரு பத்திரம் கையில் கிடைத்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு பக்கமாகக் கேள்வி கேட்பார், பொறுமையாகப் பதில் சொல். இன்றைக்கே அனுப்பிவிடு. பொடி எழுத்தில் இருந்தால் ரொம்ப நல்லது.

அன்புடன்,
அம்மா